ஏலத்தில் சேராத செருமல்

“…செருமினா செருமல்தான் சார், அதுல என்ன ஏலம் இருக்கு?” என்று அப்பா கேட்டபோது அந்தக் கூடத்தின் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோனது இன்னும் என் காதில் இருக்கிறது. பக்கத்து மேஜையில் டீ கிளாசைக் கீழே வைக்கப்போனவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார். ஓட்டுக்கூரையில் விழும் மழையும், தாம்பரம் ஸ்டேஷனைவிட்டுக் கிளம்பும் பீச் வண்டியின் ஹாரனும்தான் மிச்சம். நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு எதிர் நாற்காலியில், கையில் விசிறிபோல விரித்த சீட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். சீட்டுகள் ஈரமாக இருந்தன. மழை ஈரம் இல்லை, என் விரல் வியர்வை.

சீட்டாட்டம் என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது காசு வைத்து ஆடுவது இல்லை. பிரிட்ஜ் என்று பெயர், அதிலும் ‘டூப்ளிகேட்’ என்கிற வகை. ரயில்வே குடியிருப்பை ஒட்டி இருந்த மனமகிழ் மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நடக்கும். நாலு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்காருகிற இருவர் ஒரு ஜோடி. ஒரு மேஜையில் ஆடி முடித்த சீட்டுகளை, யார் கையில் எது இருந்ததோ அப்படியே ‘போர்டு’ என்கிற நாலு பை வைத்த பலகையில் செருகி அடுத்த மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். ஆக, நமக்கு வந்த அதே சீட்டைத்தான் ஊரே ஆடும். கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்தால், அதே சீட்டை வைத்துக்கொண்டு யார் புத்திசாலி, யார் அசடு என்று வெட்டவெளிச்சமாகிவிடும். பல்லாவரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த கபீர் பாய் சொல்வார்: “ரம்மில தோத்தா ஆண்டவன் வுட்ட வழின்னு எந்திரிச்சுப் போயிடலாம். இங்க தோத்தா, நம்ம மூள வுட்ட வழி.” சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நான் மட்டும் அப்பா முகத்தைப் பார்ப்பேன்.

ஆட்டத்துக்கு முன்னால் ஏலம் நடக்கும். மற்ற இனங்களை வெட்டுகிற ‘துருப்பு’ எந்த இனம், அதை வைத்து எத்தனை ‘பிடி’ பிடிப்போம் என்று நால்வரும் மாறிமாறிக் கேட்க வேண்டும். பிடி என்றால், ஆளுக்கொரு சீட்டு போட்டதும் பெரிய சீட்டுக்காரர் வாரிக்கொள்கிறாரே, அது. ஏலத்தில் பேச அனுமதி இருந்தது கொஞ்சம் வார்த்தைகளுக்குத்தான்: ஓர் எண், ஓர் இனத்தின் பெயர், இல்லாவிட்டால் ‘பாஸ்’, ‘டபுள்’. எதிரே இருக்கிற கூட்டாளிக்கு நம் கையில் இருப்பதையெல்லாம் அதற்குள் சொல்லிவிட வேண்டும். முகத்தால் சொல்லக்கூடாது. குரலை ஏற்றி இறக்கக்கூடாது. பெரிய ஊர்களில் இதற்காகவே அட்டைகள் வைத்த பெட்டி உண்டாம். எங்கள் மன்றத்தில் வாய்தான் பெட்டி. ஆட்டத்தை நடத்திய டைரக்டர் எபினேசர் சார், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். “ஏலம் சொல்றது பிளாட்பாரத்துல வண்டி வர்றதச் சொல்ற மாதிரி இருக்கணும். வண்டி லேட்டா வந்தாலும் சரி, வராமலே போனாலும் சரி, ஒரே குரல்” என்பார்.

சின்னப் பெண் நான் அங்கே எப்படிப் போனேன் என்றால், அப்பாவின் எதிரில் உட்கார ஆள் இல்லை. வழக்கமான கூட்டாளி திருச்சிக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஒரு சீட்டு தப்பாக விழுந்தால் அப்பா பார்க்கிற பார்வை அப்படி. “உங்க எதிர்ல குந்தணும்னா ஹெல்மெட் போட்டுக்கினுதான் குந்தணும்” என்று கபீர் பாய் நேருக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். நானோ வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில், யாரோ கொடுத்த சிடி ஒன்றில் இருந்த பிரிட்ஜை நானாகவே நோண்டி நோண்டிக் கற்றிருந்தேன். ஒரு நாள் அப்பா என் பின்னால் வந்து நின்று பார்த்தார்.  அடுத்த ஞாயிற்றுக்கிழமை, “கிளம்பு” என்றார். “சீட்டாட்டத்துக்குப் பொண்ணக் கூட்டிட்டுப் போற மொத அப்பா நீங்கதான்” என்று அம்மா சொன்னபோது அவர் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். மொபெட்டில் முடிச்சூர் சாலையின் பள்ளங்களில் குலுங்கிக்கொண்டு, அவர் சட்டையைப் பிடிக்கவும் பயந்து, இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போனேன்.

அப்பா என்னை ஒரு தடவைகூட அடித்ததில்லை. இதைச் சொன்னால், அப்புறம் என்ன பயம் என்று கேட்பார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். நாள்கணக்கில் நிற்கும். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். “கரண்டு போன வீடு மாதிரி ஆயிடுச்சு, எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்” என்பாள் அம்மா. அந்த இருட்டு வராமல் இருக்க நாங்கள் இருவரும் ஒரு பாஷை கற்றுவைத்திருந்தோம். அப்பாவின் தொண்டைதான் அந்தப் பாஷை. ஒரு தடவை செருமினால் தண்ணீர். செருமிவிட்டுக் காலை மாற்றிப் போட்டால் காபி. இழுத்துச் செருமினால், விஷயம் அவருக்குப் பிடித்திருக்கிறது, மேலே சொல்லலாம் என்று அர்த்தம். செருமல் பாதியில் நின்றால் டிவியை அணைத்துவிட்டு அவரவர் மூலைக்குப் போய்விட வேண்டும். இதை யாரும் உட்கார்ந்து வகுக்கவில்லை. மழை வருமா என்று ஈசல் தெரிந்துகொள்கிற மாதிரி எங்களுக்குத் தெரியும். “உங்கப்பாவுக்கு வாய் எதுக்கு? தொண்டை போதும்” என்று அம்மா சமையலறையில் முணுமுணுப்பாள்.

அந்தப் பாஷை எங்களோடு மன்றத்துக்கும் வந்துவிட்டது என்பது எனக்கே தெரியாது. அந்த ஐப்பசி, கார்த்திகை முழுக்க நாங்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தோம். ‘பாப்பா பயங்கர மூளை’ என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பிறகு, ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஜகந்நாதன் சார் ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி, “இந்தப் பொண்ணு சீட்டப் பாத்து ஏலம் கேக்கல, அவங்க அப்பாவப் பாத்துதான் கேக்குது” என்றார். எபினேசர் சார் எங்கள் இருவரையும் தனியாக அழைத்து, “புகார்னு எழுதிக்கல. ஆனா இன்னொரு தடவ வந்து, அது நெசம்னு ஆச்சுன்னா, உங்க ஜோடிய ஆட விடமாட்டேன். நான் சர்வீஸ் பூரா சிக்னல் பாத்தவன் சார், சிக்னல் எதுன்னு எனக்குத் தெரியும்” என்றார். அப்பா முகம் கறுத்தது.  அதற்குப் பிறகு வீட்டில் கரண்டு வர வெகுநாள் ஆயிற்று. திருட்டுப் பட்டம் அவரை எங்கே குத்தியது என்று எனக்குத் தெரியும். கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிறவர். ஒரு நட்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர்.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. நான் சீட்டைப் பார்த்துக் கேட்ட ஏலம் எது, அப்பாவின் தொண்டையைக் கேட்டுக் கேட்ட ஏலம் எது என்று யோசித்துப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. பாலில் கலந்த தண்ணீரை எதைக் கொண்டு பிரிப்பது?

செருமல் நடந்த ஞாயிறு அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். முதலில் வருகிற ஜோடியை மன்றம் நகரத்துப் போட்டிக்கு அனுப்பும். நாங்களும் ஜகந்நாதன் சார், கபீர் பாய் ஜோடியும் ஏறக்குறைய சமமாக நின்றோம். அப்பா அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாழ்க்கையில் எதிலும் அவர் முதலாவதாக வந்ததில்லை. அந்த இரண்டு ஜோடிகளும் ஒரே மேஜையில் சந்தித்தபோதுதான் அந்தக் கை வந்தது.

என் கையில் நிறைய ஹார்ட். எங்கள் தெருப் பையன்கள் ‘ஆட்டின்’ என்பார்களே, அதுதான். நான் ஹார்ட் என்று ஏலத்தைத் தொடங்கினேன். என் இடது பக்கம் இருந்த ஜகந்நாதன் சார் ஸ்பேட் என்றார். அப்பா என் ஹார்ட்டைத் தாங்கி ஒரு படி ஏற்றினார். கபீர் பாய் ஸ்பேடைத் தாங்கினார். நான் மூன்று ஹார்ட்டுக்குப் போனேன். ஜகந்நாதன் சார் சட்டென்று தாவி, “நாலு ஸ்பேட்” என்றார். ஸ்பேட் ஹார்ட்டைவிட உயர்ந்த இனம்; இனி எங்களுக்கு வேண்டுமென்றால் ஐந்து ஹார்ட் கேட்க வேண்டும். கேட்கிற எண்ணோடு ஆறைக் கூட்டுவது கணக்கு; ஆக, பதினோரு பிடி பிடித்தாக வேண்டும், பிடிக்காவிட்டால் அபராதம்.

அப்பாவின் முறை. அவர் சீட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். திரும்பச் சீட்டைப் பார்த்தார். தொண்டையில் அது எழுந்தது: இழுத்து, நீளமாக, விஷயம் பிடித்திருக்கிறபோது செருமுகிற செருமல். அப்புறம்தான், “பாஸ்” என்றார்.

“டைரக்டர்” என்று ஜகந்நாதன் சார் கையைத் தூக்கினார்.

எபினேசர் சார் வந்தார், என்னவென்று கேட்டார். ஜகந்நாதன் சார் செருமலைச் சொன்னார். அதில் என்ன ஏலம் என்கிற அந்தக் கேள்வியை அப்பா கேட்டார். எபினேசர் சார் என் பக்கம் குனிந்தார். “பாப்பா, சட்டம் இவ்ளோதான். உன் கூட்டாளி தயங்கினாரு. அந்தத் தயக்கம் எந்தப் பக்கம் கை காட்டுதோ, அந்தப் பக்கம் நீ போகக்கூடாது. உன் சீட்டே உன்னப் புடிச்சுத் தள்ளினா மட்டும் போகலாம். ஆட்டம் முடியட்டும், நான் அப்புறம் பாத்துக்கறேன்.” நிமிர்ந்து, “கண்டினியூ” என்றார்.

கபீர் பாய் பாஸ் சொன்னார். நான்கு பேரில் மிச்சம் நான்.

சீட்டைப் பார்த்தேன். கேட்கலாம், கேட்காமலும் விடலாம் என்கிற கை. அது என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. தள்ளியது அந்தச் செருமல். கேள், கேள் என்று வீட்டுக் கூடத்தில் கேட்கிற அதே குரலில் அது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து ஹார்ட் கேட்டால், அப்பா திருடர் என்று ஊர் முன்னால் நானே சாட்சி சொன்ன மாதிரி. பாஸ் என்றால், அப்பா சொல்லி நான் கேட்காத முதல் சொல் அது; அதற்கு எத்தனை நாள் இருட்டு என்று எனக்குத் தெரியாது. காது அடைத்துக்கொண்டது. அப்பாவைப் பார்க்கக்கூடாது என்று மேஜை விரிப்பில் இருந்த டீக்கறையையே பார்த்தேன்.

“பாஸ்” என்றேன். வண்டி வராமலே போகிறது என்று அறிவிக்கிற குரலில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஜகந்நாதன் சார் நாலு ஸ்பேடைச் சுலபமாக ஆடி முடித்தார். அப்பாவின் சீட்டுகள் ஒவ்வொன்றாக விழ விழ எனக்குப் புரிந்துகொண்டே வந்தது. ஸ்பேடில் அவரிடம் ஒரே ஒரு சீட்டு. ஹார்ட் வரிசையாக. நான் கேட்டிருந்தால் பதினோரு பிடியும் எங்களுக்கு உட்கார்ந்த இடத்துக்கு வந்திருக்கும். போர்டோடு வந்த மதிப்பெண் தாளில் பார்த்தால், எங்களுக்கு முன்னால் அதை ஆடிய ஜோடிகள் எல்லாம் ஐந்து ஹார்ட் கேட்டு ஜெயித்திருந்தார்கள். நாங்கள்தான் அடிமட்டம். நகரத்துப் போட்டி அங்கேயே போயிற்று.

“அஞ்சு ஹார்ட் கேட்டிருக்கலாமே பாப்பா” என்றார் ஜகந்நாதன் சார், உண்மையான வருத்தத்தோடு.

கபீர் பாய் அவரைப் பார்த்தார். “இன்னா சார் நீங்க? கேட்டிருந்தா மறுபடியும் டைரக்டரத்தான கூப்ட்ருப்பீங்க? புள்ள பாஸ் சொல்லிச்சே, அத்தோட வுடுங்க.”

எபினேசர் சார் தூரத்தில் இருந்து என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். புகார் இல்லை என்று அர்த்தம். அது எனக்கு அப்போது ஆறுதலாகவே இல்லை. டைரக்டர் என்னோடு வீட்டுக்கு வரப்போவதில்லையே.

அந்த மன்றம் இப்போது இல்லை. ஓட்டுக்கூரைக் கூடத்தை இடித்து, தரையில் கோடு போட்டு வண்டி நிறுத்துகிறார்கள். மேஜை மாறச் சொல்லி எபினேசர் சார் அடித்த கைமணி யார் வீட்டில் இருக்கிறதோ. முடிச்சூர் வீட்டுக் கம்ப்யூட்டரும் சிடியும் வெள்ளம் வந்த வருஷம் சேற்றோடு போயின. இன்றைக்கும் நான் ஆடுகிறேன், போனில். எதிரே இருக்கிறவர் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் விரலால் தொட்டால் ஏலம் போகிறது. யாரும் தயங்குவது தெரியாது, இருமுவது கேட்காது, சட்டம் மீற வழியே இல்லை. அப்பழுக்கற்ற ஆட்டம். ஆனால், ஏலம் கேட்பதற்கு முன்னால் ஒரு கணம் என் காது இன்றும் தானாகக் கூர்மையாகிறது. எதிரே ஒரு தொண்டை இருந்த காலத்தில் வந்த பழக்கம்.

அன்றைக்கு அந்தக் கை முடிந்ததும் அப்பா ஆடிய சீட்டுகளை அடுக்கி, போர்டில் அவருடைய பையில் செருகினார். நான் தலையைத் தூக்கினேன். தூக்காமல் இருக்க முடியவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் குரல்வளை மேலே ஏறியது. இதோ வருகிறது, பாதியில் நிற்கப்போகிறது என்று என் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கின. அப்பா கையைத் தொண்டையில் வைத்து அதை அப்படியே அடக்கினார். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி எழுந்தார், கூடத்தைக் கடந்தார், கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகையின் அடியில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தோள் குலுங்கக் குலுங்க ஆசை தீரச் செருமினார். தகரத்தில் விழுந்த மழையில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார், இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க என் எதிரில் உட்கார்ந்தார், அடுத்த போர்டில் இருந்து தன் சீட்டை எடுத்து விரித்தார்.