ஐந்தின் மேல் சந்தனம்

என்னைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, நான் மாடியறையில் ஒரு பழைய கால்குலேட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வருகிறவர் யாராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்வதாக முடிவு செய்திருந்தேன். கேசரி, பஜ்ஜி, குனிந்த தலை எல்லாம் சலித்துப்போயிருந்தது. அம்மா மட்டும் விடுவதாக இல்லை. தலை நிறைய மல்லிகைப்பூவை வைத்துவிட்டு, நாலரைக்கு ராகு காலம், அதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுக் கீழே போனாள்.

கால்குலேட்டர் அப்பாவுடையது. என்னைவிட மூத்தது. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. எண்கள் சிவப்பாக எரியும். குடவாசல் பக்கத்தில் இருக்கிற எங்கள் வயலில் எத்தனை குழி நடவு முடிந்தது, நூறு குழிக்கு ஒரு மா என்றால் அது எத்தனை மா, எவ்வளவு உரம் வேண்டும், எல்லாவற்றையும் அப்பா அதில்தான் போட்டுப் பார்ப்பார். போன் அவருக்கு ஆகாது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலைப் போன் திரை ஒரு பொருட்டாகவே மதிக்காது. இதுவோ அழுத்தினால் டக்கென்று அமுங்கும். ஒரு வருடமாக ஐந்து மட்டும் வம்பு செய்தது. அழுத்தினால் ஒன்றும் வராது, வந்தால் மூன்று ஐந்து சேர்ந்தாற்போல வரும். அதற்கும் அப்பா வழி வைத்திருந்தார். ஐந்து வேண்டுமென்றால் நான்கையும் ஒன்றையும் கூட்டிக்கொள்வார். ஐம்பத்தைந்து வந்தால் மட்டும் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார்.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டில் ஒரு பொத்தானைச் சரிசெய்யத் துப்பில்லை என்றால் மானம் என்ன ஆவது? மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட்டும் பட்ஸும் என்றைக்கோ வாங்கி வைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்துச் சுறுசுறுப்பு வந்ததற்குக் காரணம் வேறு. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கார் வருகிறதா என்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பதைவிட ஸ்குரூடிரைவர் பிடிப்பது கௌரவமாக இருந்தது.

வந்தார்கள். காபி கொடுத்தேன். மாப்பிள்ளை திருவிடைமருதூர்க்காரர், மாட்டு டாக்டர், என்னைவிடக் கொஞ்சம் பெரியவர். நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவருடைய பெரியப்பா, இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளட்டுமே என்று பெரிய மனது பண்ணினார். மாடிக்கு அனுப்பிவைத்தார்கள்.

மாடிக்கு வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தார். இதற்கு என்ன உடம்புக்கு என்று, கட்டுத்தறியில் நிற்கும் கன்றுக்குட்டியைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார். சொன்னேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது.

பொத்தான்களை எடுத்துவிட்டால், ஒவ்வொன்றின் அடியிலும் நெற்றிப் பொட்டு அளவில் ஒரு தகடு இருந்தது. அழுத்தினால் குழியும், விட்டால் எழும்பும். ஐந்தின் தகட்டைச் சுற்றி மட்டும் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ கெட்டிதட்டிக் கிடந்தது. துரு என்றேன், வகுப்பறைக் குரலில். அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"துரு இல்லங்க. சந்தனம்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆயுத பூஜைக்கு அம்மா மண்வெட்டி, அரிவாள், பம்ப்செட் சுவிட்ச் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். கால்குலேட்டருக்கும் உண்டு. நட்டநடுவில் வைத்தால்தானே லட்சணம்? நட்டநடுவில் இருப்பது ஐந்து. மறுநாள் ஈரத்துணியால் துடைப்பாள். பாதி துணியோடு வரும், மீதி இடுக்கு வழியாக உள்ளே போகும். வருடா வருடம் பக்தியோடு நாங்களே அதன் வாயை அடைத்திருக்கிறோம்.

இதைச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "எங்க வீட்ல ஸ்டெதாஸ்கோப்புக்கு வைப்பாங்க. மறுநாள் எந்த மாட்டுக்கும் நெஞ்சு துடிக்காது."

நான் சிரித்த சிரிப்பில் கீழே கூடத்தில் பேச்சு நின்றுபோனது.

அவர் சேஃப்டி பின்னைக் கொண்டு சுரண்ட, நான் ஸ்பிரிட்டால் துடைத்தேன். அறையெல்லாம் கோயில் வாசனை. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. தூள் போகட்டும் என்று அவர் வாயால் ஊதினார். ஐந்தின் தகடு பறந்தது.

இரண்டு பேரும் தரையில் விழுந்து தேடினோம். இஸ்திரி வேட்டியோடு அவர் கட்டிலுக்கு அடியில், பட்டுப்புடவையோடு நான் மேஜைக்கு அடியில். அந்தத் தகடு எந்தக் கடையிலும் கிடைக்காது. வந்த அன்றைக்கே உங்கள் அப்பா சொத்தைத் தொலைத்துவிட்டேனே என்று கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்துதான் வந்ததாகச் சொன்னது.

எனக்குப் பகீரென்றது. நானும் அதே முடிவில்தானே இருந்தேன், இதில் பகீரென்று ஆக என்ன இருக்கிறது? ஆனால் ஆகிவிட்டது. இந்த மனிதர் கீழே இறங்கி, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடக் கூடாதே என்று தவித்தேன். நாலரைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தகட்டைத் தேடுவதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "அசையாதீங்க. உங்க பூவுல இருக்கு. எடுக்கலாமா?"

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு விரலாலும் கட்டைவிரலாலும் அவர் அதை எடுத்து முடிப்பதற்குள் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தகட்டை அதன் இடத்தில் வைத்து மூடும்போது ஸ்குரூ இரண்டு முறை கீழே விழுந்தது. ஒரு முறை என் கையிலிருந்து, ஒரு முறை அவர் கையிலிருந்து.

மூடி முடுக்குவதற்கும் அப்பா மாடிப்படி ஏறி வருவதற்கும் சரியாக இருந்தது. அவருக்குப் பின்னால் படியில் அம்மாவின் தலை. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்றார். அதுவரை கீழே அப்பாவை மூச்சுக்கு மூச்சு 'சார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டர், கால்குலேட்டரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"மாமா, அஞ்சு ஒழுங்கா விழுதான்னு பாருங்க."

அப்பா அழுத்தவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா சொல்றே?" என்றார்.

நான் சரி என்றேன். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். அது கீழே கூடம்வரை கேட்டு, பெரியப்பா பலமாகச் சிரித்தார். வெட்கப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. தலையைக்கூடக் குனிந்து பார்த்தேன். வெட்கம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.