ஊமிரா, உமிராலா?

என் மகன் கட்டிக்கொண்டு வந்த பெண் ரஷ்யாக்காரி. அரியலூருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத்தான் வீடியோ காலில் சம்பந்தியம்மாவைக் கையெடுத்துக் கும்பிடுவதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மாலையில் காய் நறுக்கும்போது மருமகளிடம் ரஷ்ய மொழி படிக்கத் தொடங்கினேன்.

எழுத்துகூட வந்துவிட்டது, வினைச்சொல்தான் பாடாய்ப் படுத்தியது. ஒரே செயலுக்கு அவர்களிடம் இரண்டு சொற்கள். நடந்துகொண்டிருந்தால் ஒன்று, நடந்து முடிந்தால் இன்னொன்று. நான் எதைச் சொன்னாலும், "முடிச்சீங்களா, முடிக்கலையா அத்தை?" என்பாள்.

"படிச்சேன்னா படிச்சேன்தான். அதுல என்னம்மா?"

"நீங்க மட்டும் சாப்பிட்டேன், சாப்பிட்டுட்டேன்னு ரெண்டா சொல்றீங்களே!"

அதுவரை எனக்கு அது தோன்றியதே இல்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள், மகன் அவளை ஸ்கேனுக்குப் பெரம்பலூர் அழைத்துப் போயிருந்தான். அவளுக்கு ஐந்தாம் மாதம். போனை அணைத்து வைத்திருந்தாள் போல; சம்பந்தியம்மா என்னைக் கூப்பிட்டார். கண்கள் வீங்கியிருந்தன. படபடவென்று பேசினார். எங்களுக்குப் பாப்பா என்றால் குழந்தை, அவர்களுக்கு அப்பா. அது புரிந்தது. நேற்று, இதயம், ஆஸ்பத்திரி என்பவையும் புரிந்தன. பிறகு 'உமிரால்' என்றார். சாவைச் சொல்லும் சொல். அத்தோடு லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அழைத்தும் கிடைக்கவில்லை.

வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் இதை எப்படிச் சொல்வது? மகனைக் கூப்பிடலாமென்றால் பக்கத்திலேயே அவள் இருப்பாள். மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, நேரில் பார்த்தே இராத அந்த மனிதருக்காக அழுதேன்.

அவர்கள் உள்ளே வந்ததும் என் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்னாச்சு அத்தை?"

கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "உங்கம்மா கூப்ட்டாங்கம்மா. அப்பாவுக்கு நேத்து நெஞ்சுவலியாம். தவறிட்டாராம்மா."

அவள் முகம் வெளுத்துப்போனது. சட்டென்று என் தோளைப் பற்றினாள்.

"அம்மா என்ன வார்த்தை சொன்னாங்க? ஊமிரா, உமிராலா?"

"உமிரால்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அத்தை."

"ஆமாம்மா. ரால்னுதான் முடிஞ்சுது."

அவள் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "சாகலை அத்தை, சாகக் கிடந்தாரு! செத்திருந்தா ஊமிர்னு சொல்லியிருப்பாங்க."

மகன் விடாமல் அழைத்து ஒருவழியாக லைன் கிடைத்தது. அப்பா கண் விழித்துவிட்டாராம், கஞ்சி கேட்டாராம். நான் நினைத்ததை மருமகள் சொன்னதும், சம்பந்தியம்மா அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபின் சம்பந்தியே திரையில் வந்தார், இளைத்துப்போய். எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் மொழியிலேயே கேட்டேன். ஒரே சொல்லில் பதில் சொன்னார். மருமகள் பக்கம் திரும்பாமலே எனக்குப் புரிந்தது: பிழைச்சுட்டேன்.

ஸ்கேன் படத்தைக் காட்டச் சொன்னார். மருமகள் அதைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எழுந்து போனார்.