இடதுபக்கக் கண்ணாடி

எங்கள் காரின் இடதுபக்கக் கண்ணாடி முழுதாக இறங்குவதற்குள் எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியே பின்னால் போய்விடும். வீட்டு வாசலில் ஏறி உட்கார்ந்ததும் என் மனைவி பொத்தானை அழுத்துவாள். மெயின் ரோட்டைத் தொடும்போது கண்ணாடி பாதியில் இருக்கும். நடுவில் நின்றுவிட்டால் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கீழே தள்ளுவாள். அவளும் அந்தக் கண்ணாடியும் தங்களுக்குள் ஏதோ ஏற்பாடு செய்துகொண்டது போலத்தான் இருந்தது.

எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் மெயின்டனன்ஸ் ஆள். நின்றுபோன மெஷினை ஓட வைப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. பழுதான பொருளோடு அனுசரித்துப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

போன வருடம் வரை கார் ஞாயிற்றுக்கிழமை வண்டியாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருடப் பழசு, டீசல். நான் பைக்கில் போவேன். அவள் மெயின் ரோடு வரை பத்து நிமிடம் நடந்து, அவளுடைய கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொள்வாள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பேக்கிங் வேலை. போன வருடம் ஒருநாள், "ரோடு வரிக்கும் நடக்க முடிலங்க. கார்லயே வுட்டுடுங்களேன்" என்றாள். மகாராணிக்குக் கால் தரையில் படக்கூடாதோ என்று கேலி செய்தேன். ஆனாலும் அவள் கம்பெனி என் வழியில்தான் இருந்தது. மறுநாளிலிருந்து கார்தான்.

காரிலும் குறைதான். ஏசியைப் போட்டால், "கண்ணாடிய எறக்குறேங்க, காத்து பத்தல" என்பாள். இறக்கினால் லாரிப் புழுதி முழுக்க உள்ளே வரும். சீட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் உடனே நிமிர்த்திக்கொள்வாள். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவாள், வார் அழுத்துகிறதாம். இத்தனைக்கும் முந்தின மாதம் வாங்கிய புதுச் செருப்பு. பிறகு இன்னொரு குறை.

"இன்னாமோ உய்யினு கத்துதுங்க வண்டி" என்றும் முதலில் சொன்னது அவள்தான்.

"டீசல் வண்டி கத்தாம பாட்டா பாடும்?" என்றேன்.

ஆனால் நானும் கேட்டேன். வேகம் கூடினால் சத்தமும் கூடியது. கண்ணாடி, சத்தம் என்று இரண்டு குறை ஆகிவிட்டதால் இனி சும்மா இருக்க முடியாது என்று, ஒரு ஞாயிறு காலை கம்பெனித் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கள் கம்பெனியில் எது பழுதானாலும் 'ஒய்-ஒய் ஷீட்' எழுத வேண்டும். மெஷின் ஏன் நின்றது என்று ஒரு கேள்வி. அதற்கு வரும் பதிலை வைத்து, அது ஏன் என்று அடுத்த கேள்வி. இப்படி ஐந்து ஏன் கேட்டால் வேர்க்காரணம் கிடைத்துவிடும். நான் இதில் கெட்டிக்காரன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பே எடுப்பேன். வீட்டிலும் சோறு அடிப்பிடித்தால் "ஒய்?" என்று ஆரம்பிப்பேன். "உங்க கம்பெனிய வாசலோட நிறுத்திக்கோங்க" என்று கரண்டியைக் காட்டுவாள்.

தாளின் முதல் கட்டத்தில் புகாரை எழுத வேண்டும். அதை வாடிக்கையாளர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும், நம் வார்த்தையைக் கலக்கக்கூடாது என்பது விதி. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளைப் பார்த்து, "கஸ்டமர் அம்மா, உங்க கம்ப்ளெயின்ட் இன்னா?" என்றேன்.

"வண்டியில ஒக்காந்தா மூச்சு முட்டிகினு வருது. காத்து பத்தல. போதுமா?"

அப்படியே எழுதினேன்.

முதலில் அவள் பக்கத்துக் கதவில், கண்ணாடி ஓடும் ரப்பர் காடியைத் துடைத்து சிலிகான் ஸ்ப்ரே அடித்தேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். பிறகுதான் மற்ற மூன்று கண்ணாடிகளையும் இயக்கிப் பார்த்தேன். எல்லாமே அசமந்தமாகத்தான் இறங்கின. அவள் பக்கம் மட்டும் அதிகம் புழங்கியதால் அது மட்டும் எங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. நான்கும் மெதுவென்றால் குறை கதவில் இல்லை, கரண்டில் இருக்கிறது. பானெட்டைத் திறந்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு இடமாக வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டேன். ஆல்டர்னேட்டரில் வைத்ததும் உய்யென்று காதைக் குடைந்தது. ஓடும்போது கரண்டு தயாரித்து பேட்டரிக்கு ஊட்டுவது அதுதான். மீட்டர் வைத்துப் பார்த்தால் பதினாலு வோல்ட் வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டுதான் வந்தது.

படப்பையில் ஒரு எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றி பேரிங்கையும் கார்பன் பிரஷ்ஷையும் மாற்றினார். "ரெண்டு கம்ப்ளெயின்ட் இல்ல சார், ஒண்ணுதான். பேரிங் போனதால சத்தம், பிரஷ் தேஞ்சதால கரண்டு கம்மி" என்றார். நான் முன்பே கண்டுபிடித்திருந்ததை அவர் வாயால் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அவளிடம் இரண்டு முறை விளக்கினேன். சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும் குறைகளுக்கெல்லாம் ஒரே காரணம் இருக்கும், பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அவள் அப்படி உட்கார்ந்தேதான் தூங்கினாள். படுத்தால் இருமல் வருகிறது என்றாள். புழுதி என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனோம். எஞ்சின் சத்தம் சுத்தமாகப் போயிருந்தது. அவள் பொத்தானைத் தொட்டதும் கண்ணாடி சர்ரென்று இறங்கியது. "எப்டி?" என்றேன். சிரித்தாள். முகத்தை வெளியே நீட்டிக் காற்று வாங்கினாள். ஒரகடம் தாண்டியதும் சொன்னாள்:

"இன்னும் காத்து பத்தலங்க."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஒரு வாரம் வேலை பார்த்திருக்கிறேன், பாராட்டாவிட்டாலும் போகிறது. "இதுக்கு மேல கண்ணாடி எறங்காது. வேணும்னா கதவையே கழட்டி வெச்சிடவா?" என்று கத்தினேன். கோவிலில் மலையைச் சுற்றி வர நான் மட்டும் போனேன். அவள் கீழேயே ஒரு மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் காலை, குளியலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் இரண்டு முறை நின்றாள். உதடு நீலமாக இருந்தது. தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க இடதுபக்கக் கண்ணாடி இறங்கியே இருந்தது.

அங்கிருந்த டாக்டரம்மா அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். நடந்தால் எப்போதிலிருந்து மூச்சு வாங்குகிறது? மல்லாந்து படுக்க முடிகிறதா? கால் வீக்கம் எத்தனை நாளாக? நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாப் பதிலும் எனக்குத் தெரிந்ததுதான். பஸ்ஸுக்கு நடக்க முடியாதது, நிமிர்த்திய சீட்டு, பத்தாத செருப்பு. எல்லாவற்றையும் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

வெளியே வந்து அவர் என்னிடம் சொன்னார்: "தனித்தனி பிரச்சனை இல்லைங்க. எல்லாத்துக்கும் ஒரே காரணம்தான். இதயம் ரொம்ப பலவீனமா இருக்கு, நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

பதினோரு நாள் இருந்தாள். ஒருநாள் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி, "வண்டி கத்துதா இப்போ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பரவால்ல, நல்லாத்தான் ரிப்பேர் பண்ணிகிறீங்க" என்றாள். மன்னிப்புக் கேட்க எனக்கு அந்த நேரம் போதுமாக இருந்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

இப்போது வேலைக்கு மறுபடியும் பைக்கில்தான் போகிறேன். பேட்டரி இறங்கிவிடக்கூடாது என்று ஞாயிறுகளில் காரை எடுத்துக் கொஞ்ச தூரம் ஓட்டுகிறேன். போன வாரம் இன்சூரன்ஸ் காகிதம் தேடி டேஷ்போர்டைத் திறந்தபோது அந்த ஒய்-ஒய் ஷீட் கிடைத்தது. என் கையெழுத்து. ஐந்து ஏன், ஐந்து பதில். கண்ணாடி, கரண்டு, ஆல்டர்னேட்டர், பிரஷ், தேய்மானம். ஒன்றிலிருந்து ஒன்று பிசகாமல் போகிறது. வகுப்பில் காட்டலாம், அவ்வளவு சரியாக இருக்கிறது.

மேலே புகார் கட்டத்தில், விதிப்படி ஒரு எழுத்துகூட மாற்றாமல், அவள் சொன்னதை எழுதியிருக்கிறேன். வண்டியில ஒக்காந்தா மூச்சு முட்டிகினு வருது. காத்து பத்தல. அதற்குக் கீழே, ஏன் என்ற முதல் கேள்விக்கு நேராக, அவளைக் கேட்காமல் நானே பதில் எழுதியிருக்கிறேன்: கண்ணாடி மெதுவாக இறங்குகிறது.