வெங்காயத் தோல் போல ஆறு பல்

என் பல்லைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எழுதுறதுக்கு ஒனக்கு வேற ஒன்னுமே கெடைக்கலயா?" என்று கேட்டார். கிடைக்கவில்லைதான். இத்தனை வருட வாழ்க்கையில் நான் அதிசயப்பட்டு வாயைப் பிளந்த சமயங்கள் கொஞ்சம். அதில் பெரியது இந்தப் பல் சமாசாரம். "நீங்க பேப்பரப் படிங்க, நான் எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறந்தது மொனராகலைப் பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கிணறு. பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும்போதே எங்களுக்கெல்லாம் அது காவிக் கறையோடுதான் முளைக்கும். சில பல்லில் சின்னச் சின்னக் குழிகூட இருக்கும். அம்மாவுக்கு அப்படி, அண்ணனுக்கு அப்படி, அடுத்த காம்பராவில் இருந்தவர்களுக்கும் அப்படி. எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததால் அது ஒரு குறை என்றே எங்களுக்குத் தெரியாது. பல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வளர்ந்தோம்.

தொண்ணூறுகளில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். வந்து ஒரு வாரம் இருக்கும், மலை ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒருத்தி என் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், இந்த வயசுலயே வெத்தலையா?" என்றாள். அவள் மனதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. சுற்றிப் பார்த்தேன். பீலித் தண்ணீர் குடித்து வளர்ந்த அத்தனை பேருக்கும் பல் பளிச்சென்று இருந்தது. அன்றைக்கு வாயை மூட மேலே போன கைதான், அதற்குப் பிறகு கீழே இறங்கவே இல்லை.

கரித்தூள், உப்பு, சாம்பல், எலுமிச்சம்பழம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஈறு கிழிந்ததுதான் மிச்சம். சிரித்தால் கை, பேசினால் சேலைத் தலைப்பு, பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் புத்தகம், ஏதாவது ஒன்று என் வாய்க்கு முன்னால் இருந்துகொண்டே இருக்கும். என் கல்யாணப் போட்டோவைப் பார்த்தவர்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையோ என்று கேட்டார்களாம். பிடித்துத்தான் இருந்தது, பல்லைத்தான் காட்ட முடியவில்லை!

எனக்கு வருடா வருடம் முதலாம் வகுப்புதான் கொடுப்பார்கள். சின்னப் பிள்ளைகளோடு எனக்கு நன்றாக ஒத்துப்போகும். அப்படி ஒரு வருடம், இரண்டாயிரம் தாண்டிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது, கொழுந்து பறிக்கிற ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவள் என்னைப் பார்த்து முகமெல்லாம் பூரித்து நின்றாள்.

"டீச்சர், எங்க பாப்பாவுக்கு நல்ல மரியாத சொல்லிக் குடுத்திருக்கீங்க. வீட்டுல கூட வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கிறா. ஏன்டின்னு கேட்டா, படிச்சவங்க அப்படித்தான் சிரிப்பாங்க, டீச்சர் அப்படித்தான் சிரிக்கிறாங்கன்னு சொல்றா. இப்ப எங்க லயத்துல எல்லாரும் புள்ளைங்களுக்கு அதத்தான் சொல்றோம்."

எனக்கு உச்சந்தலையில் அடித்த மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளைக்கு முத்து முத்தாகப் பல். அவளைக் குனிந்து பார்த்தேன். டீச்சர் தன்னைப் பார்க்கிறாரே என்ற வெட்கத்தில் சிரித்தாள். கை தானாக மேலே போய் வாயை மூடியது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பள்ளிக்கூட அதிபர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். நான் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வகுப்பில் இருந்து போன பிள்ளைகளை வரிசை வரிசையாக அடையாளம் கண்டுபிடிக்க முடிந்தது. பெரிய வகுப்புக்குப் போன பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். வேறு பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து சேர்ந்ததுகள் மட்டும்தான் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பகபகவென்று சிரித்தன.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஏனென்று சொல்கிறேன். நான் பிறந்த தோட்டத்தில் துரை காலைப் பெரட்டுக்கு வந்தால், வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற ஆண்கள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டும். நம்முடைய மூச்சு அவர் மேலே படக்கூடாதாம். பெரிய மூச்சு! என் அப்பா அப்படி நின்றதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கையைக் கீழே இறக்க எத்தனை காலம் பிடித்தது! இப்போது நான் படித்து, டீச்சராகி, ஒரு துரையும் இல்லாத வகுப்பறையில் அதே கையைத் தூக்கி இந்தப் பிஞ்சுகளின் வாயில் வைத்திருக்கிறேன்.

"கையை எடுங்க, வாயைத் தொறந்து நல்லாச் சிரிங்க" என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துக் குபுக்கென்று சிரித்தார்கள், வாயை மூடிக்கொண்டுதான். அப்போதுதான் கவனித்தேன், சொல்லும்போதே என் கை என் வாயில் இருந்தது.

கடைவாய்ப் பல் வலி என்று பதுளை டவுனுக்குப் போனபோதுதான் அந்த டொக்டரம்மாவைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். சாயந்தர நேரத்தில் கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் நோயாளிகளைப் பார்ப்பார். கடைவாயைப் பார்த்து முடித்துவிட்டு முன்பல்லில் விரல் வைத்தார். நான் முந்திக்கொண்டு, "நான் வெத்தல போடுறது இல்லங்க டொக்டர், தெனம் ரெண்டு தடவ வெளக்குறேன்" என்றேன்.

"தெரியும் பிள்ளை. இது ஊத்தை இல்லை. எந்த ஊர் நீங்கள்?"

மொனராகலைப் பக்கம் என்றேன்.

"அதுதானே பாத்தன். அங்கத்தைக் கிணத்துத் தண்ணியில புளோரைட் எண்டொரு உப்பு அளவுக்கு மிஞ்சிக் கிடக்கு. பல்லு முளைக்க முந்தியே, உள்ளுக்க இருக்கேக்கையே இந்தக் கறை விழுந்திட்டுது. நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை."

அம்மாடி! இத்தனை வருடமாகக் கரியும் சாம்பலும் போட்டு நான் தேய்த்துக்கொண்டிருந்தது என் ஊர்த் தண்ணீரை. சாய்வுக் கதிரையில் படுத்தபடியே கண்ணீர் காதுக்குள் இறங்கியது. ஈறு வலிக்கிறதாக்கும் என்று டொக்டர் பஞ்சை எடுத்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சங்கதியைச் சொன்னார். பல்லின் முன்பக்கத்தை ஒரு மயிரிழை தேய்த்துவிட்டு, பீங்கானில் மெல்லிசாக ஓடு செய்து அதன்மேல் ஒட்டுவார்களாம். வெனியர் என்று பெயராம்.

"பீங்கானா? விழுந்தா ஒடஞ்சிருமே டொக்டர்!"

"கீழ போடுறதுக்கு இல்லை, பல்லில ஒட்டுறதுக்கு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒண்டு சொல்லிப்போட்டன். தேய்ச்ச பல்லு திரும்ப வராது. பிறகு வேண்டாம் எண்டு மனம் மாற ஏலாது. நல்லா யோசிச்சு வாங்கோ" என்றார்.

யோசித்தேன். ஒரு பக்கம் திரும்ப வராத பல். இன்னொரு பக்கம் அந்தப் பிள்ளையின் கை. காசு எப்படிச் சேர்ந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், அதைச் சொல்லப் போனால் எனக்கு யார் யார் மேலேயோ கோபம் வரும். மேல்வரிசை முன்பல் ஆறுக்கும் செய்வது என்று முடிவாயிற்று.

நிறம் பார்க்க நல்ல பகல் வெளிச்சம் வேண்டுமாம். லைட் வெளிச்சத்தில் பார்த்தால் நிறம் ஏமாற்றிவிடுமாம். பதுளையில் அப்போது மழை விட்டபாடில்லை. போவேன், டொக்டர் வானத்தைப் பார்ப்பார், "இண்டைக்குச் சரிவராது பிள்ளை" என்று அனுப்பிவிடுவார். கடைசியில் ஒரு சனிக்கிழமை பகலில் திடீரென்று வெயில் அடித்தது. டொக்டர் என்னைக் கையைப் பிடித்துத் தெருப்பக்கப் பல்கனிக்கு இழுத்துக்கொண்டு போனார். உதட்டை விலக்கிப் பிடிக்கிற வளையம் ஒன்றை என் வாயில் மாட்டினார். சாம்பிள் பற்கள் வரிசையாகக் குத்தியிருந்த ஒரு பட்டையை என் பல்லோடு வைத்து வைத்துப் பார்த்தார்.

நினைத்துப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் பல்லை மறைத்தவள், பதுளைக் கடைத்தெருவுக்கு மேலே ஈயென்று நிற்கிறேன். கீழே பஸ் கண்டக்டர் "மொனராகலை, மொனராகலை" என்று கத்துகிறான். எதிர்ப் புடவைக் கடை முதலாளி சீத்தைத் துணியை அளந்துகொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு முழம் அளக்கிற நேரம் பார்த்தார், மறுபடி அளக்கப் போய்விட்டார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. எனக்கு அதுவே பெரிய ஆச்சரியம்.

நான் ஆக வெள்ளையாக இருந்த சாம்பிளைத் தொட்டுக் காட்டினேன். டொக்டர் என் கையைத் தட்டிவிட்டார். "அதைப் போட்டா ஆக்கள் பல்லைத்தான் பாப்பினம். உங்களைப் பாக்க மாட்டினம்." பாலில் ஒரு சொட்டுத் தேத்தண்ணி விழுந்த மாதிரி ஒரு நிறத்தை அவரே எடுத்தார்.

பல்லைத் தேய்த்து, அச்செடுத்து, அதைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அதுவரைக்கும் தற்காலிகமாக ஏதோ ஒட்டி விட்டிருந்தார்கள், சோற்றைக்கூடப் பயந்து பயந்துதான் மென்றேன். சில வாரம் கழித்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. டொக்டர் அதில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு விட்டால் பறந்துவிடும் போல இருந்தது. வெங்காயத் தோல் அளவுதான் கனம். ஓரத்தில் என் கைரேகை லேசாகத் தெரிந்தது. அதைவிட அதிசயம், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது அதற்குள்ளே மெல்லிய கோடுகள், நிஜப் பல்லில் இருக்கிற மாதிரியே. என் முகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத யாரோ ஒருவர், எங்கேயோ கொழும்பில் உட்கார்ந்து, மொனராகலைக் கிணற்றுத் தண்ணீர் தரமாட்டேன் என்ற பல்லை இழை இழையாகச் செய்து அனுப்பியிருக்கிறார். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், கோயிலில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்தது இல்லை.

ஒவ்வொன்றாக ஒட்டி, நீல வெளிச்சம் பிடித்து இறுக்கினார். முதலில் பார்த்தது என் நாக்குதான். குழிகளைத் தேடித் தேடிப் பார்த்தது, ஒன்றையும் காணோம். பிறகு கண்ணாடியைக் கொடுத்தார்.

"எங்கே, சிரியுங்கோ பாப்பம்."

சிரித்தேன். கண்ணாடியில் ஒரு கைதான் தெரிந்தது.

டொக்டர் மெதுவாக அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். "பல்லுக்கு நான் செய்திட்டன் பிள்ளை. இதுக்கு எங்களிட்ட மருந்து இல்லை."

அன்றைக்கு வீட்டில் நான் என்னை மறந்து எதற்கோ சிரித்தபோது வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சிரிச்சா கன்னத்துல குழி விழுமா?" என்றார். கல்யாணமாகி எத்தனை வருடம் கழித்துக் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! உடனே கை மேலே போய்விட்டது.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு யோசனையோடு போனேன். பெரிய படப் புத்தகம் ஒன்று இருந்தது, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தால்தான் பிள்ளைகளுக்குப் படம் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு முன்னால் நின்றேன். யானைக்குத் தடிமன் பிடித்த கதை. யானை தும்முகிறது, துரை பங்களாக் கூரை பறக்கிறது. பங்களாவை நானே சேர்த்துக்கொண்டேன். யானை மாதிரியே தும்மிக் காட்டினேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. இரண்டு கையிலும் புத்தகம். வாயைத் திறந்து, தலையை அண்ணாந்து சிரித்தேன்.

பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்த்தார்கள். முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த, வீட்டிலும் வாயைப் பொத்திச் சிரித்த அந்தப் பிள்ளை எழுந்து நின்றாள். விரலை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ஏய்! டீச்சருக்குப் பல்லு இருக்கு!"

வெள்ளையென்று சொல்லவில்லை. அழகு என்றும் சொல்லவில்லை. இவ்வளவு நாளும் எனக்குப் பல்லே இல்லையென்றுதான் நினைத்திருக்கிறாள். பழைய காவிப் பல்லைக் காட்டியிருந்தாலும் இதே சந்தோசத்தோடு, இதையேதான் கத்தியிருப்பாள்.

"இருக்குடி! எனக்கும் பல்லு இருக்கு!" என்றேன். வகுப்பே வெடித்துச் சிரித்தது. அவள் இரண்டு கையாலும் வாங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாள், வாய் முழுக்கத் திறந்து. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது, அவள்தான் மூடியே வைத்திருந்தாளே. எனக்குச் சிரிப்போடு அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது, முகம் கோணி, மூக்கில் தண்ணீர் வழிகிறது. புத்தகத்தைக் கீழே போடாமல் அப்படியே நின்றேன்.