ஆள் படுத்திருந்த கட்டில்

மட்டாஞ்சேரியில் பழைய மரச்சாமான் மலிவாக வேண்டுமென்றால் கடைக்குப் போகக் கூடாது. கடைக்காரர்கள் ஒரு வீட்டில் சாவு விழும்வரை காத்திருந்து, காரியம் முடிந்த மறுநாள் வண்டியோடு போவார்கள். பிறகு பாலிஷ் போட்டு மூன்று மடங்கு சொல்வார்கள். நான் சாவுக்கு முன்பே போய்விடுவேன்.

வாடகைக்கு எடுத்த பழைய ஓட்டு வீட்டுக்கு அலமாரியும் இரண்டு நாற்காலிகளும் அப்படித்தான் வந்தன. கட்டில் பாக்கி. கட்டட வேலைக்கு இங்கே வந்த குடும்பம் எங்களுடையது; அதில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதலில் நல்ல கட்டிலில் படுப்பவளும் நானாக இருக்க வேண்டும் என்று வைராக்கியம்.

கொச்சங்காடியில் ஒரு தமிழ்க் குடும்பம் விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஈட்டி மரம், கடைந்த கால்கள். அதில் ஒரு கிழவர் படுத்திருந்தார். நடமாட்டம் நின்றுபோனவர்.

"மாமாவை இரும்புக் கட்டிலுக்கு மாத்தணும். அதுன்னா கழுவ எளுப்பம், சிரமமில்ல," என்றாள் மருமகள்.

"கரையான் இருக்கான்னு பாக்கணும் சேச்சி. அவரைக் கொஞ்சம் நகர்த்துங்க."

அவள் அவரைச் சுவரோரம் புரட்டினாள். பலகையைத் தட்டிப் பார்த்தேன். கெட்டி.

"ஆளையும் தட்டிப் பாரு குட்டி," என்றார் கிழவர். "உள்ளே பொள்ளல்தான்."

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் விலை இறங்காது.

மருமகள் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டேன். "நாத்தம் போக ஒரு மாசம் காய வைக்கணும் சேச்சி. இந்த மழையில வெயிலுக்கு எங்க போறது?" அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவள் சம்மதித்தாள்.

கிழவர் என்னை அருகே அழைத்தார். "இந்த மழை கழியட்டே. அத்தனைதான் எனக்கு. என் வீட்டுக்காரியும் இதிலதான் போனா. நானும் இதில கிடந்தே போயிடறேன். பின்னே நீயே எடுத்துக்கோ, இதே விலைக்கு."

மழை முடியும்போது கடைக்காரன் அந்த வாசலில் நிற்பான் என்று எனக்குத் தெரியும்.

"தரையில கிடந்தாலும் உயிர் போகும் தாத்தா. எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் போனாங்க."

மருமகளே என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். கிழவர் கண்களை மூடிக்கொண்டார்.

கட்டிலை ஏற்ற நான் சொல்லியிருந்த வண்டி வரத் தாமதமானது. அறையில் உட்கார வேறொன்றும் இல்லை. சற்று நேரம் கழித்து அவர் மருமகளிடம், "என் காலை மடக்கி வை. அந்தக் குட்டி இருக்கட்டே," என்றார். அவள் மடக்கி வைத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

ஹாரன் கேட்டது. எழுந்து, அவருக்கு அடியிலிருந்த விரிப்பை நானே உருவத் தொடங்கினேன்.