கேன்சர் டீச்சர் சொன்னது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்காகத்தான் அந்த வேலையே கிடைத்தது. எந்தெந்த உணவைச் சேர்த்துச் சாப்பிட்டால் புற்றுநோய் வராமல் தடுக்கலாம் என்று ஆராய வந்தவர்களுக்கு, திருவொற்றியூர்க் கடலோரத்தில் வீடு வீடாகப் போய்ப் பேச உள்ளூர்ப் பெண் ஒருத்தி தேவைப்பட்டாள். நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அதே தெரு. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய மறுநாளே தெரு எனக்குக் கேன்சர் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டது. வெட்கப்படுவதுபோல் நடித்தேன். உள்ளுக்குள் பெருமைதான்.

ஆராய்ச்சி எளிமையானது. பாதி வீடுகளுக்குத் தினமும் முருங்கைக்கீரை, நெல்லிக்காய், ஆளி விதை மூன்றும் சேர்த்து அரைத்த துவையல் கொடுப்போம். மீதி வீடுகளுக்கு வெறும் கீரைத் துவையல். சில மாதம் கழித்து இரண்டு பக்கத்தாரின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வித்தியாசம் தெரிந்தால்தான் அடுத்த கட்டத்துக்கு நிதி வரும். இல்லையென்றால் கடையைக் கட்டவேண்டியதுதான்.

ரத்தம் எடுத்தார்கள். வித்தியாசமே இல்லை. ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா முகம் வாடி உட்கார்ந்திருந்தார். "எதனால இப்படி ஆச்சு, உங்களுக்கு ஏதாவது தோணுதா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா மேடம், எங்க தெருவுல அடுப்புதான் வேற வேற, சோறு ஒண்ணுதான். இந்த வூட்லருந்து கொழம்பு போனா, அந்த வூட்டுக் கிண்ணம் வெறுங்கிண்ணமாவா திரும்பி வரும்? தொவையலத்தான் வெச்சி அனுப்புவாங்க."

அவர் சிரிக்கவில்லை. "அப்போ நாம எதையுமே சோதிக்கல. இன்னும் ஒரு ரத்தச் சோதனைதான் பாக்கி. அதுக்குள்ள இந்தக் கிண்ணம் மாத்திக்கறது நிக்கலன்னா அடுத்த நிதிய நான் கேட்கவே முடியாது" என்றார். என் அம்மா வயிற்றில் கட்டி வந்து, கஞ்சித் தண்ணீர்கூட இறங்காமல் செத்தவள். இந்த ஆராய்ச்சி நின்றுவிடக் கூடாது என்று நான் உண்மையாகவே நினைத்தேன். "நான் பாத்துக்கறேன் மேடம்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். ஆராய்ச்சியில் இருந்த ஒவ்வொரு வாசலிலும் நின்று, என் அம்மா செத்த கதையைச் சொல்லி, கெஞ்சி, சில இடத்தில் அதட்டினேன். துவையலை மட்டும் கொடுக்காதீர்கள் என்றால் யார் கேட்பார்கள்? கிண்ணமே கூடாது, கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். தெரு கேட்டது. சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் எங்கள் தெருவுக்கு என்னால்தான் வந்தது.

ஒரு வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. தெருக்கோடியில் தனியாக இருந்த மீன்கார அக்கா வீடு. மார்பில் புற்று வந்து, ஒரு பக்கத்தை எடுத்து, பிழைத்து எழுந்து, மறுபடி காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து விற்கிறவள். ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கு ஆராய்ச்சியில் இடமில்லை. இடமில்லாதவளிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அவள் சிகிச்சையில் கிடந்தபோது தெருவே சோறு போட்டது. தனித் தட்டு, தனி டம்ளர் என்று எந்த வீட்டிலும் ஒதுக்கவில்லை. "கேன்சர் வந்தும் என் கிண்ணத்த ஒருத்திகூட தள்ளி வெக்கல" என்று மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். நெத்திலி மிஞ்சினால் குழம்பு வைத்துத் தெருவுக்கே கொடுப்பாள்.

அப்படி ஒரு மாலை கிண்ணத்தோடு முதல் வீட்டுக்குப் போயிருக்கிறாள். "வேணாங்கா, கேன்சர் டீச்சர் வாங்கக் கூடாதுன்னு சொல்லிச்சி" என்றிருக்கிறார்கள். அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் என்ன நினைப்பாள்? கேன்சரைப் பற்றித் தெரிந்தவளே கேன்சர் வந்தவள் கையால் வாங்காதே என்று சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான்.

எனக்கு இது தெரியவே சில வாரம் ஆயிற்று. தண்ணி லாரி வந்த நேரத்தில் ஒருத்தி தன் மகளை அக்காவின் குடத்துப் பக்கத்திலிருந்து இழுத்தாள். "இன்னாடி பண்ற?" என்றேன். "நீதானே சொன்னே, ஒட்டிக்கும்னு" என்றாள். அது ஒட்டுகிற நோயே இல்லை என்று தெரு முழுக்கக் கத்தினேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "ஒட்டாதுன்னா அப்ப ஏன் வாங்காதேன்னே?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். விளக்கினேன். தலையாட்டினார்கள். அக்காவிடம் கிண்ணம் வாங்குங்கள் என்ற ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்லவில்லை. அடுத்த ரத்தச் சோதனை பக்கத்தில் இருந்தது.

அக்காவிடம் போய், "எல்லாம் ஆராய்ச்சிக்காகக்கா, உன்னால இல்ல" என்றேன். "சரி மே" என்றாள், மீன் செதிலைச் சீவியபடி. நம்பினாளா என்று கேட்க எனக்குத் துணிச்சலில்லை.

இந்த முறை வித்தியாசம் தெரிந்தது, கொஞ்சமாக. நிதியும் வந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டி, முதல் துண்டை டாக்டரம்மா எனக்கு ஊட்டினார். "இது உங்களாலதான்" என்றார். அக்காவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இவ்வளவு நீள வாய் அன்றைக்குக் கேக்கை மென்றுகொண்டிருந்தது.

அன்று மாலையே சுறாப்புட்டு செய்து அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனேன். என் வீடு ஆராய்ச்சியில் இல்லை. இத்தனை மாதமும் நான் ஒருத்தியாவது கொடுத்திருக்கலாம், வாங்கியிருக்கலாம். தெரு என்னைப் பார்க்கும் என்று கதவைச் சாத்திக்கொண்டவள் நான். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அக்கா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே போய்த் தன் தட்டை எடுத்துவந்து நீட்டினாள். "இதுல கொட்டு. உன் கிண்ணத்த நான் தொடல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் தட்டை நீட்டியபடியே நின்றாள். கொட்டினேன். பிறகு அவளைக் கேட்காமல் அவள் தட்டிலேயே கை வைத்து ஒரு பிடி எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் என் கையைத் தட்டிவிட்டாள். புட்டு தரையெல்லாம் சிதறியது. அந்த முகத்தில் கோபமே இல்லை. பயந்துபோயிருந்தாள்.

"இன்னா மே, உனக்கு அறிவு கீதா? ரெண்டு பசங்கள வெச்சிகினு கீறியே."