வீடியோவில் வந்த அம்மா

குடியிருந்த வீட்டை இடித்துவிட்டு குடோன் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொன்னபோது, சிவகாசியில் இன்னொரு வீடா கிடைக்காது என்றுதான் நினைத்தேன். கணவர் இறந்துவிட்டார். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள். எனக்குக் காலண்டர் கம்பெனியில் அட்டை ஒட்டும் வேலை.

போன இடமெல்லாம் "கூட யாரு இருக்காக?" என்றார்கள். யாருமில்லை என்றதும் "ஒத்தப் பொம்பளைக்கு விடுறதில்ல" என்று கதவைச் சாத்தினார்கள். கடைசியில் சாமான்களை என்னோடு வேலை பார்க்கும் அக்கா வீட்டு மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டு, பேருந்து நிலையத்தில் படுத்துக்கொண்டேன். சொந்தக்காரர் வீட்டில் இருப்பதாக அந்த அக்காவிடம் பொய் சொன்னேன். மகளிடமும் அதையே சொன்னேன். காலையில் கட்டணக் கழிப்பறையில் குளித்துவிட்டு வேலைக்குப் போவேன். சீசன் நேரம். லீவே போடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு இளைஞர்கள் பிரியாணிப் பொட்டலங்களோடு வந்தார்கள். ஒருவர் கையில் செல்போன். எனக்குப் பசி. கையை நீட்டிவிட்டேன்.

"அம்மா, முடியக் கொஞ்சம் கலைச்சு விட்டுக்கிடுங்க. வீடியோல நல்லா இருக்கும்."

கலைத்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

"பிள்ளைக இருக்காகளா?"

"ஒரே மக. கோயம்புத்தூர்ல படிக்கா. நான் இங்கன கெடக்குறது அவளுக்குத் தெரியாதுப்பா. காலண்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போறேன். வீடு கிடைக்கல, அம்புட்டுத்தான்."

அவர் தலையாட்டிக்கொண்டே எடுத்தார்.

அந்த வாரமே மகள் போனில் அழுதாள். "எம்மா, நான் ஒன்னத் தெருவுல விட்டுட்டேனாம்!"

பெற்ற தாயைத் தெருவில் விட்ட மகள் என்பதுதான் வீடியோவின் தலைப்பு. நான் வேலையைப் பற்றிச் சொன்னது, வீடு கிடைக்காதது எதுவும் அதில் இல்லை. "ஒரே மக, கோயம்புத்தூர்ல படிக்கா" என்பதோடு நிறுத்திச் சோகமான இசையைச் சேர்த்திருந்தார்கள். கீழே யார் யாரோ அவளைச் சபித்திருந்தார்கள். சிலர் எனக்குப் புத்தி சுவாதீனமில்லை என்றே முடிவுகட்டியிருந்தார்கள். ஹாஸ்டலில் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம்.

மறுநாள் அவள் வந்து இறங்கினாள். வீடியோவில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். "எங்கம்மா பேசினத ஏன் வெட்டுனீக?"

"வேலைக்குப் போறாகன்னு போட்டா யாரு பாப்பாக? பொறுங்க, உதவி வரும்."

அவள் கத்திய கத்தலில் வீடியோவை எடுத்துவிட்டார்கள். அதற்குள் வேறு பலர் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். கம்பெனியிலும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். மதியம் ஆளுக்கு ஒரு கரண்டி குழம்பை என் சோற்றில் ஊற்றினார்கள்.

வீடு பார்க்க மகளும் கூட வந்ததால் விஸ்வநத்தம் போகும் வழியில் ஒரு வீடு அமைந்தது. வீட்டுக்காரம்மா என்னையே பார்த்தார்.

"ஒங்கள எங்கனயோ பாத்த மாதிரி இருக்கே?"

"கம்பெனிக்குப் போகையில பாத்திருப்பீக."

"இருக்கும். ஆளு பாத்துத்தான் வீடு விட வேண்டியிருக்கு. பஸ் ஸ்டாண்டுல கெடக்குறதுக எல்லாம் குடியும் களவும்தான. அதான் பெத்த பிள்ளையே தொரத்திருது. வீடியோல காட்டுறாகள்ல?"

"ஆமாக்கா" என்றேன்.

மகள் என் பக்கம் திரும்பவில்லை. அவர் பூட்டைத் திறப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வீட்டில்தான் இப்போதும் இருக்கிறேன். வீட்டுக்காரம்மா நல்லவர், பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்துவிடுவார். பேருந்து நிலையத்துப் பக்கம் மட்டும் நான் போவதில்லை. என் பக்கத்தில் படுத்திருந்த யாராவது என்னை அடையாளம் கண்டு, ஊர் பார்க்க, தெரிந்தவளைப் பார்த்ததுபோல் சிரித்துவிடுவார்களோ என்று பயம்.